தேதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் கம்பெனியில் சர்வர் இருந்த அறைக்குள் யாரும் செருப்போடு போக முடியாது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் வருஷம் முழுக்க இருக்கும். ஏசி இரவும் பகலும் ஓடும். அந்த அறைச் சுவருக்கு அடுத்த பக்கம்தான் அயர்னிங் செக்சன். அங்கே ஆவியில் வெந்துகொண்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஆட்கள் பனியன் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இன்னும் இரண்டு ஃபேன் போடச் சொல்லி நான் கேட்டபோது, காற்று பட்டால் துணி மடிப்பு கலைந்துவிடும் என்று பதில் வந்தது. சொன்னவன் என் தங்கை மகன். சர்வருக்கு வேர்க்கக் கூடாது என்பதில் அவனுக்கு அத்தனை கவலை.

அவனுடைய அப்பாவும் நானும்தான் அந்தக் கம்பெனியை ஆரம்பித்தோம். திருப்பூரில் பெருமாநல்லூர் ரோட்டில் தகரக் கொட்டகை, இரண்டாம் கையாக வாங்கிய நிட்டிங் மெஷின், அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. நூல் மூட்டையில் அச்சடித்திருக்கும் எழுத்தைக் கூட்டிப் படித்துத்தான் எனக்குப் படிப்பு வந்தது. மூட்டையில் நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட் என்ன, மில் எது என்று தெரிய வேண்டியிருந்தது, தெரிந்துகொண்டேன். தங்கை மாப்பிள்ளை காலமான பிறகு மகன் கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்தான். என் பங்கு அப்படியே இருந்ததால் எனக்கும் ஒரு நாற்காலி இருந்தது. பேங்க் காகிதங்களில் என் கையெழுத்து வேண்டும். அதற்காக மேஜை டிராயரில் பங்குதாரர் என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பும் கொடுத்திருந்தார்கள். மீட்டிங் என்றால் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, எனக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொள்வார்கள். ஆனால் ஆளைப் பார்த்தால் எனக்குப் புரியும்.

அந்த வருஷக் கோடையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் சர்வருக்குள் ஏதோ கருகிவிட்டது. ஷிப்மெண்டுக்குக் கட்டி வைத்திருந்த பெட்டிகளின் கணக்கெல்லாம் அதற்குள் இருந்ததாம். ஒட்டின பெட்டியை எல்லாம் பிரித்து மறுபடி எண்ணினோம். கம்ப்யூட்டர் பார்க்க ஒரு பையனை வைத்திருந்தோம், கழுத்தில் பட்டை போட்டு அட்டை தொங்கும். அவன் கைகளைப் பிசைந்துகொண்டு கரப்ட் ஆகிவிட்டது, கரப்ட் ஆகிவிட்டது என்றான். வைத்தியம் பார்க்கத் தெரியாதவன் நோயின் பேரை மட்டும் சொல்வதுபோல இருந்தது. பிறகுதான் தினமும் நகல் எடுத்து வைக்க ஒரு சாஃப்ட்வேர் வாங்குவது என்று முடிவானது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும். ஊரில் பல கம்பெனிகளில் நடந்ததுதான், எங்களிடமும் நடந்தது. வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஆள் அனுப்பி ஆடிட் பண்ணுவான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஞாயிறு லீவு விட வேண்டும், அதற்குக் கணக்கு காட்ட வேண்டும். ஆனால் ஷிப்மெண்ட் தேதியையும் அவனே நெருக்குவான். அதனால் ஆட்கள் ராத்திரியும் தைப்பார்கள், ஞாயிறும் தைப்பார்கள். கேட்டில் கார்டு தேய்த்து உள்ளே வந்த நிஜக் கணக்கு ஒன்று. அதை வைத்துத்தான் சனிக்கிழமைச் சம்பளம் போடுவது. சம்பளம் போட்டு முடிந்ததும், அதையே நறுக்கித் தைத்து, எல்லோரும் ஒழுங்காக ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனதாகவும் ஞாயிறெல்லாம் ஓய்வெடுத்ததாகவும் இன்னொரு கணக்கு. இரண்டும் அதே சர்வரில், அதே ஏசியில்.

சாஃப்ட்வேர் விற்க மூன்று பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் பெங்களூர்க்காரர். இங்கிலீஷில் பேசினார், எங்கள் கக்கூஸ் எங்கே என்று கேட்டதைத் தவிர வேறு எதையும் தமிழில் கேட்கவில்லை. இரண்டாவது ஆள் கோயமுத்தூர், டை கட்டியிருந்தார். மூன்றாவது ஊர்க்காரர், ஒரு பாய். அவருடைய அத்தா பனியன் வேஸ்ட் வியாபாரி. கட்டிங் மேஜையிலிருந்து விழுகிற துண்டுத் துணியைக் கலர் கலராகப் பிரித்து மூட்டை கட்டி விற்றவர், எங்களிடமே எடுத்திருக்கிறார். மகன் அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் கடை போட்டிருந்தார்.

நகல் எடுக்கிற சாமான் வாங்கப் போகிறவன் என்ன கேட்பான்? எத்தனை பத்திரமாக வைக்கும், தீப்பிடித்தால் தப்புமா, எத்தனை சீக்கிரம் திரும்பக் கிடைக்கும் என்று கேட்பான். என் மருமகன், அதாவது தங்கை மகன், மூன்று பேரிடமும் கேட்ட முதல் கேள்வி, வைத்தது எப்போது அழியும் என்பது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனியாகத் தேதி போட முடியுமா, தேதி முடிந்ததும் தானாகப் போய்விடுமா, போன பிறகு யார் தோண்டினாலும் கிடைக்காதா. மாத்திரை அட்டையில் போட்டிருக்கிற எக்ஸ்பயரி தேதி எனக்குத் தெரியும். தேதி முடிந்தால் சாப்பிட வேண்டாம் என்று அர்த்தம். இவன் கேட்டது, தேதி முடிந்தால் அப்படி ஒரு மாத்திரையே செய்யப்படவில்லை என்று ஆகிவிட வேண்டும் என்பது.

டை கட்டியவர் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு கெட்டிக்காரர், பிடித்துக்கொண்டார். சுவரில் வெளிச்சம் போட்டு ஒரு காலண்டரைக் காட்டினார். பச்சை என்றால் வைத்திருப்பது. மஞ்சள் என்றால் தேதி நெருங்குகிறது. சிவப்பு என்றால் தேதி முடிந்தது, ராத்திரியோடு ராத்திரியாக அதுவே அழித்துவிடும், அழித்தேன் என்று காலையில் தகவலும் சொல்லும். ரிட்டென்ஷன் பாலிசி என்று அதற்குப் பேர். மருமகன் முகத்தில் அன்றைக்குப் பார்த்த சந்தோஷத்தை அவன் மகன் பிறந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை.

பாயின் சாஃப்ட்வேருக்கு அதெல்லாம் வராது. அது நகல் மேல் நகலாக எடுத்து அடுக்கிக்கொண்டே போகும். ஒன்றை அழிக்க வேண்டுமென்றால் ஆள் உட்கார்ந்து கையால்தான் அழிக்க வேண்டும், அதற்கும் நிஜமாகவா, யோசித்துத்தான் சொல்கிறாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கும். இருந்தாலும் இவர்கள் சும்மா கிடைக்கிறது என்று பாயைச் சில வாரம் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அவர் செங்கல் மாதிரி ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். தினமும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

அந்த வாரங்களில் ஒரு ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைகள் போடுகிற பனியன், நெஞ்சில் கரடி படம். திங்கட்கிழமை சரக்கு கண்டெய்னரில் ஏறியாக வேண்டும். கரடியின் ஒரு கண் ஒழுங்காக ஒட்டவில்லை என்று பாதிச் சரக்கைத் திரும்பச் செய்துகொண்டிருந்தோம். மத்தியானம் எல்லோருக்கும் தக்காளி சாதப் பொட்டலம். பாயும் டிஸ்க்கைப் பார்க்க வந்தவர், உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டார். துணியின் ஓரம் தைக்கிற ஓவர்லாக் லைனில் ஒருவன் மட்டும் பொட்டலத்தைத் தொடவில்லை. தென்பக்கத்துக்காரன், மண்ணரையில் லைன் வீட்டில் குடியிருந்தான், அவன் மனைவி எங்களிடமே செக்கிங்கில் இருந்தாள். பசிக்கவில்லையா என்று கேட்டேன். தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டே இருந்தான். திமிர் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

பிறகு டைக்காரருக்குத்தான் ஆர்டர் போனது. பாயைக் கூப்பிட்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள். அவர் ஸ்கூட்டர் முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு, குப்பைக் கடைக்காரனுக்குக் குப்பை சேர்க்கிற சாஃப்ட்வேர் என்று மருமகன் சொல்ல, அட்டை தொங்கின பையன் சிரித்தான். புதிய சாஃப்ட்வேரில் தேதி போட்டார்கள். நறுக்கித் தைத்த கணக்குக்கு எட்டு வருஷம். கார்டு தேய்த்த கணக்குக்கு ஒரு மாதம். சம்பளத்தில் எவனாவது தகராறு செய்தால் பார்ப்பதற்கு அந்த ஒரு மாதமே அதிகம் என்றான் மருமகன். நானும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மழை ஆரம்பித்திருந்த சமயம், அந்த ஓவர்லாக்காரனின் மனைவி என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். மற்ற யாரும் காது கொடுக்கவில்லை போலும். அவர்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் இரண்டு கூட்டத்துக்கு நடுவில் கல்லெறிச் சண்டை, ஒருவருக்கு மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். புகார் எழுதினவர்கள் வேண்டாத வீட்டு ஆண்பிள்ளைகள் அத்தனை பேர் பேரையும் சேர்த்து எழுதிவிட்டார்கள், திருப்பூரில் தைத்துக்கொண்டிருந்தவன் பேர் உட்பட. வழக்கு இத்தனை நாள் சும்மா கிடந்து, இப்போது அங்கிருந்து போலீஸ் இங்கே கிளம்பப் போவதாகத் தகவல். புருஷன் மூன்று நாளாக வேலைக்கும் வரவில்லை, வீட்டிலும் படுக்கவில்லை. அந்தச் சண்டை நடந்தது, கரடி பனியன் தைத்த ஞாயிற்றுக்கிழமை.

"அவிய அன்னைக்கு இங்கனதான் தச்சிக்கிட்டு இருந்தாவ, ஐயா. நானும் கூடத்தான வந்தேன். பொண்டாட்டி சொன்னா செல்லாதாம். கம்பெனிச் சீட்டு வேணும்னு வக்கீல் சொல்லுதாவ."

முன்ஜாமீன் கேட்க அன்றைய வருகைக் கணக்கு வேண்டும், கம்பெனி சீலோடு. இது என்ன பெரிய காரியம் என்று நானே அவளை அழைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அட்டைப் பையன் உடனே எடுத்துக் கொடுத்தான். அத்தனை சுறுசுறுப்பு. பளபளப்பான காகிதம், கட்டம் கட்டமாக எழுத்து, அடியில் சீல். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டாம் நாள் வக்கீல் எனக்குப் போன் செய்தார். அந்தக் காகிதத்தில் சனிக்கிழமை ஆறு மணிக்கு அவன் வெளியே போயிருக்கிறான். ஞாயிறு வார விடுமுறை. திங்கட்கிழமை காலையில் உள்ளே வந்திருக்கிறான். ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போய், கல்லெறிந்துவிட்டு, அடுத்த ராத்திரி பஸ்ஸில் திரும்பி வர வேண்டிய நேரம் சுத்தமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்ததுபோல் இருந்தது. எதிர்க்கட்சிக்காரன் தேடினால்கூட இப்படி ஒரு காகிதம் கிடைக்காது என்றார். நான் அன்றைக்கு அவனைக் கண்ணால் பார்த்தேன், சாப்பிடக்கூட இல்லை என்று சொன்னேன்.

"பெரியவரே, நீங்க பார்த்தேங்கறீங்க. உங்க கம்பெனி சீல் அவன் லீவுங்குது. ஜட்ஜ் உங்க கண்ணை நம்புவாரா, உங்க சீலை நம்புவாரா?"

போனை வைத்தேன். நேராக ஏசி அறைக்குப் போனேன். செருப்போடுதான் போனேன். நிஜக் கணக்கை எடு என்றேன். அந்தப் பையன் காலண்டரைத் திறந்து காட்டினான். அந்த வாரம் முழுக்கச் சிவப்பு. தேதி முடிந்து எப்போதோ போய்விட்டது. வருத்தப்படுவான் என்று பார்த்தால், அவனுக்குப் பெருமை.

"பாருங்க, எத்தன கரெக்டா டெலிட் பண்ணியிருக்குதுன்னு. இனி அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரனே வந்தாலும் எடுக்க முடியாதுங்க."

பச்சையாக இருப்பது எது என்று கேட்டேன். நறுக்கித் தைத்தது பச்சை. இன்னும் ஏழு வருஷத்துக்கு மேல் அதை யாரும் ஒன்றும் செய்ய முடியாதாம். படித்தவர்கள் ஒன்று கூடி, ஆள் வைத்து, காலண்டர் வைத்து, ஏசி வைத்து, பொய்யை வளர்க்கிற விதத்தை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். மாட்டுக்குக்கூட இத்தனை கவனிப்பு நாங்கள் கொடுத்ததில்லை.

வெளியே வந்து பீடி பற்றவைத்தபோதுதான் பாயின் ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. கெட்டிக்காரர்கள் அழிப்பதற்கென்று அத்தனை விலை கொடுத்து சாமான் வாங்கினார்களே, அதற்கு முந்தின வாரமே முழுக் கணக்கையும் ஒரு டிஸ்க்கில் ஏற்றி, கேட்டைத் திறந்து, வாட்ச்மேன் சல்யூட் அடிக்க வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அதை அழித்துக் கொடு என்று கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. அட்டை தொங்கினால் போதும் என்று ஆள் எடுத்தால் இப்படித்தான்.

கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பாய் எழுந்து மேல் ஷெல்பில் பழைய கீபோர்டுகளுக்கு நடுவில் கையை விட்டார்.

"எங்க அத்தா காலத்துல இருந்து நாங்க எதையும் எறிஞ்சதில்லீங்க. இதயும் வேற எதுக்காச்சும் ஆகும்னு வெச்சிருந்தேன். அழிக்க உக்காந்தா அது கேக்கற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லீங்க."

டிஸ்க் இருந்தது, ஆனால் திறக்கவில்லை. ஓட்டிப் பார்க்கக் கொடுத்த சாஃப்ட்வேருக்கே தேதி முடிந்துவிட்டதாம். எனக்கு அலுத்துப்போனது, இந்த உலகத்தில் எதைத் தொட்டாலும் தேதி. பாய் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரின் காலண்டரைப் பின்னால் தள்ளி, கோடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அது நம்பித் திறந்துகொண்டது. அத்தனை பெரிய புத்தி அதற்கு. ஞாயிறு, ஓவர்லாக் லைன், அவன் கார்டு நம்பர், காலையில் உள்ளே வந்த நேரம், ராத்திரி வெளியே போன நேரம். காகிதத்தில் அடித்துக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனதற்கு, தக்காளி சாதம் சாப்பிட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

சீலுக்காக மருமகனிடம் போனேன். காகிதத்தைப் பார்த்ததும் அவன் எழுந்து கதவைச் சாத்தினான். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டான், சொன்னேன். பாய் மேல் கேஸ் போடுவேன் என்றான். எதற்கென்று போடுவாய், நீ ஒளித்ததை அவர் ஒளிக்கவில்லை என்றா என்று கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு தணிந்த குரலில், பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்கு விளக்கினான்.

"மாமா, இதுல சீல் வெச்சா ஞாயித்துக்கெழம வேல வாங்குனோம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரிங்க. அடுத்த வாரம் ஆடிட். ஆர்டர் போனா எத்தன குடும்பம் தெருவுக்கு வருமுன்னு பாருங்க."

"ஒரு குடும்பம் இப்பவே வந்துருச்சு, மாப்ள."

"ஒரு டெய்லருங்க மாமா. வேற ஆள் போட்டுக்கலாம்."

அவன் கெட்டவன் இல்லை என்று என் தங்கை இன்றைக்கும் சொல்கிறாள். இருக்கலாம். கெட்டவனாக இருந்தால்கூட எனக்கு அவன் மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். கெட்டவனுக்குத் தான் செய்வது தெரியும். குடும்பங்கள் என்று அவன் வாயில் வந்தது அந்த ஒரு தரம்தான், ஃபேன் கேட்டபோது வரவில்லை.

"பொய்ய எட்டு வருசம் ஏசில வெச்சுக் காப்பாத்தறே. நெசத்துக்கு ஒரு மாசம். உங்கொப்பன் இருந்தா உன்ன அயர்னிங்ல நிக்க வெச்சிருப்பான்" என்றேன்.

என் மேஜைக்குப் போனேன். டிராயரில் ஸ்டாம்ப் இருந்தது. மை காய்ந்திருந்தது, தண்ணீர் தொட்டு அழுத்தினேன். மேலே கையெழுத்துப் போட்டேன். எனக்கு எழுத வருகிற எழுத்துக்களில் நன்றாக வருவது அதுதான். இந்தப் பங்குதாரர் அன்றைக்கு இவனை வேலை செய்யும் இடத்தில் பார்த்தார், முதலில் கொடுத்த காகிதம் ஆடிட்டுக்காகச் செய்தது என்று வக்கீல் சொன்ன வாசகத்தைப் பாய் அடித்துக் கொடுத்திருந்தார், அதன் கீழும் போட்டேன். மருமகன் கதவருகில் நின்று பார்த்தான். பிடுங்குவான் என்று நினைத்தேன். அதற்கும் அவனுக்குத் துணிச்சல் இல்லை.

முன்ஜாமீன் கிடைத்தது. பிற்பாடு வழக்கிலிருந்தும் அவன் பேரை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஆடிட்டும் வந்தது. சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். பச்சைக் காலண்டரைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் இத்தனை ஒழுங்காகப் பழைய கணக்கை வைத்திருப்பவர்கள் நீங்கள்தான் என்று பாராட்டினார்கள். எங்கேயோ தெற்கே ஒரு கோர்ட்டில் கிடக்கிற காகிதத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும். மருமகன் பயந்த பயத்துக்கு ஒரு அர்த்தமும் இருக்கவில்லை. ஒழுக்கமான கம்பெனி என்று சர்டிபிகேட் வந்தது, கண்ணாடி போட்டு, உள்ளே வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினார்கள். என் டிராயரிலிருந்த ஸ்டாம்பு அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது. நான் தேடவில்லை. அதன் வேலை முடிந்துவிட்டது.

அந்த ஓவர்லாக்காரன் ஒரு சாயங்காலம் மனைவியோடு என் வீட்டுக்கு வந்தான். பெருமாநல்லூர் பக்கம் வேறு கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது, சொல்லிவிட்டுப் போக வந்தோம் என்றான். வாழைப்பழம் வாங்கி வந்திருந்தான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கரடி பனியன் தைத்த அன்றைக்கு ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சொல்லுங்க என்றாள்.

"கொடைக்கு ஊருக்குப் போவணும்னு லீவு கேட்டேன், ஐயா. ஷிப்மெண்ட்டுன்னு குடுக்கல. அந்தக் கோவம். உங்க எல்லாரையும் ஏசிக்கிட்டேதான் அன்னைக்கு முழுக்க தச்சேன்."

"என்னயுமா?"

"உங்கள முதல்ல."

மனைவி அவன் கையைக் கிள்ளினாள். நான் சிரித்துவிட்டேன். லீவு கொடுத்திருந்தால் அவன் அந்தக் கல்லெறியில் நின்றிருப்பான். லீவு மறுத்த யாருக்கும் அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று எண்ணம் கிடையாது. கரடிக்குக் கண் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கம்பெனி ஒரு மனுஷனுக்குச் செய்த ஒரே நல்ல காரியம், செய்கிறோம் என்று தெரியாமல் செய்தது. தெரிவதற்கு முன்பே அதன் கணக்கையும் ஒரு மாதத்தில் அழித்துவிட்டது.

அவர்கள் போன பிறகு பழத்தைச் சாப்பிட்டேன். அடுத்த நாள் மீட்டிங் இருந்தது, சாஃப்ட்வேருக்கு வருஷச் சந்தா புதுப்பிப்பதைப் பற்றி. எனக்கு டீ வரவில்லை. நாற்காலியையும் எடுத்திருந்தார்கள். நின்றுகொண்டே கொஞ்ச நேரம் கேட்டேன். நிஜக் கணக்கை ஒரு மாதத்திலிருந்து ஒரு வாரமாகக் குறைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து, அயர்னிங் செக்சன் வாசலில் கிடந்த பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே புழுக்கம்தான். ஆனால் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.